ஜெர்மனா, ஸ்பானிஷா? நெல்லையிலிருந்து போட்டுப் பார்த்த கணக்கு

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, நாகர்கோவில் வட்டாரத்தில் ஜெர்மன் வகுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. நர்சிங் படித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்குத் துண்டுப் பிரசுரமாகவோ வாட்ஸாப் செய்தியாகவோ அது தானே வந்து சேரும். ஸ்பானிஷுக்கு யாரும் அப்படி விளம்பரம் செய்வதில்லை. அதைப் படிக்கிறவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கைபேசியில் ஒரு செயலியைத் திறந்து பத்து நிமிஷம் தட்டிக்கொண்டிருப்பார்கள். ஜெர்மன் விசாவுக்கு, ஸ்பானிஷ் ஆசைக்கு என்று ஊரே பிரித்து வைத்துவிட்டது. முக்கால்வாசிக்கு அது சரிதான். விசாவுக்கென்று ஜெர்மனைத் தொடங்கிப் பாதியில் விடுகிறவர்களும், சுலபம் என்று நம்பி எதற்கென்றே தெரியாமல் ஸ்பானிஷ் படிக்கிறவர்களும் மிச்சக் கால்வாசியில் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு.

முதலில் இந்த 'சுலபம்' என்ற பேச்சைப் பார்த்துவிடுவோம். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்க ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. எந்த மொழிக்கு எத்தனை வாரம் ஆகும் என்று அது ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. அதில் ஸ்பானிஷுக்கு 24 முதல் 30 வாரம், ஜெர்மனுக்கு 36 வாரம். இணையத்தில் இந்த இரண்டையும் ஒப்பிடும் கட்டுரைகளில் பாதி இந்தப் பட்டியலில்தான் போய் நிற்கும். அதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரம் என்று இருப்பதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு அது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, வீட்டில் தமிழும் கல்லூரியில் ஆங்கிலமும் பேசுகிற ஒருவருக்கு அந்த வாரங்கள் அப்படியே பொருந்தாது. சில இடங்களில் நமக்கு லாபம், சில இடங்களில் நஷ்டம். அது எங்கெங்கே என்று தெரிந்தால் பாதித் தயக்கம் போய்விடும்.

உச்சரிப்பில் ஸ்பானிஷ் நமக்குக் கிட்டத்தட்ட வீட்டுக்காரன். அ, எ, இ, ஒ, உ என்று ஐந்தே உயிர், எழுதியபடியே வாசிப்பு. நம் ஞ அங்கே அப்படியே இருக்கிறது. 'எஸ்பாஞா' என்றால் ஸ்பெயின். ஒற்றை ர ஒன்று, அழுத்தி உருட்டும் ற போல இன்னொன்று: 'பெரோ' என்றால் 'ஆனால்', 'பெர்ரோ' என்றால் நாய். பேச்சில் பல ஊர்களில் மங்கிவிட்டாலும், ர-ற வேறுபாட்டை எழுத்திலாவது வைத்திருக்கும் நமக்கு இது புதிய செய்தி இல்லை. இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. தமிழில் 'தேசம்' என்னும்போது வரும் த வேறு, 'அது' என்னும்போது வரும் த வேறு. இரண்டு உயிருக்கு நடுவே மாட்டினால் த இளகிவிடும். ஸ்பானிஷிலும் இதே கதைதான். விரலுக்கு அங்கே 'தேதோ'. முதல் த அழுத்தம், இரண்டாவது த மெலிவு. ஆங்கிலேயர் 'டேடோ' என்று நாக்கை மடித்துக் கஷ்டப்படும் இடத்தை நாம் யோசிக்காமலே கடந்துவிடுவோம்.

இலக்கணத்திலும் சில இடங்களில் அப்படித்தான். 'ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா' என்றால் பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார். வினையின் வாலிலேயே ஆள் தெரிவதால் 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்ல வேண்டாம். 'மே குஸ்தா எல் கஃபே' என்பது 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதன் அதே கட்டுமானம். பிடிப்பது காபி, 'எனக்கு' என்பது நான்காம் வேற்றுமை. ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை விளக்கவே ஆசிரியர்கள் ஒரு வகுப்பைச் செலவழிப்பார்கள். அப்புறம், 'இரு' என்பதற்கு ஸ்பானிஷில் இரண்டு வினைகள் உண்டு, அதைப் பார்த்து எல்லாரும் மிரளுவார்கள். 'எஸ் ப்ரொஃபெசோர்' என்றால் அவர் ஆசிரியர். 'எஸ்தா என் காசா' என்றால் அவர் வீட்டில் இருக்கிறார். நாம் 'இருக்கிறார்' போடாமல் விடுகிற இடத்தில் முதல் வினை, போடுகிற இடத்தில் இரண்டாவது வினை என்று தொடங்கினால் ஆரம்பப் பாடங்களில் பெரும்பாலும் சரியாக வரும். 'உயரமாக இருக்கிறார்' போன்ற இடங்களில் இந்தச் சூத்திரம் காலை வாரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு சொந்தம் கொண்டாடினாலும் நடுவழியில் ஸ்பானிஷ் முகத்தை மாற்றிக்கொள்ளும். விருப்பம், சந்தேகம், வேண்டுகோள் என்று வந்தால் வினைக்கு இன்னொரு முழு வடிவ வரிசை. 'நீ வரணும்' என்று நாம் ஒரே வடிவத்தில் எல்லாருக்கும் சொல்லிவிடுவதை அங்கே ஆளுக்கொரு விகுதியோடு புதிதாகச் சொல்ல வேண்டும். முதல் ஆறு மாதம் சிரித்துக்கொண்டே போகிறவர்கள் பி1-க்கு மேல் திணறுவது இங்கேதான் (ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் ஐரோப்பிய மொழிப் படிகளில் அது மூன்றாவது).

ஜெர்மன் இதற்கு நேர்மாறு. வாசலிலேயே உட்காரவைத்து அடிக்கும். டெர், டீ, டாஸ் என்று பெயர்ச்சொல்லுக்கு மூன்று பால். மேசை ஆண், கதவு பெண், சிறுமி இரண்டும் இல்லாத நடுப்பால்! உயர்திணை, அஃறிணை என்று அறிவோடு பிரித்துப் பழகிய நமக்கு, சிறுமியை 'அது' என்று சொல்வது முதல் மாதம் முழுக்க உறுத்தும். எந்தச் சொல்லுக்கு எந்தப் பால் என்பதற்குச் சில விகுதிகள் வழிகாட்டும், மற்றதெல்லாம் மனப்பாடம். ஸ்பானிஷில் ஓ-வில் முடிந்தால் பெரும்பாலும் ஆண், ஆ-வில் முடிந்தால் பெரும்பாலும் பெண் என்ற வசதி இங்கே கிடையாது. எண்களும் தலைகீழ்: இருபத்தொன்றை 'ஒன்றும்-இருபதும்' என்று சொல்வார்கள். தொலைபேசி எண்ணைக் காதால் கேட்டு எழுதும்போது கை தடுமாறும்.

ஆனால் வேற்றுமை என்ற பெயரைக் கேட்டு நாம் பயப்படக் கூடாது. ஜெர்மனில் நான்கு வேற்றுமை. எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே ஒப்பித்தவர்கள் நாம். 'ஆசிரியரை', 'ஆசிரியருக்கு' என்பதில் உள்ள ஐ-யும் கு-வும்தான் அங்கே 'டேன் லேரர்', 'டேம் லேரர்' என்று ஆகின்றன. நாம் சொல்லின் வாலில் ஒட்டுவதை அவர்கள் சொல்லுக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லில் காட்டுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆங்கில வழியில் இந்தப் பாடத்தை நடத்தும் ஆசிரியர் டைரக்ட் ஆப்ஜெக்ட், இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்று சுற்றி வளைப்பார். தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளை 'ஓ, இரண்டாம் வேற்றுமையா' என்று ஒரே எட்டில் தாண்டிவிடும். தமிழ் மீடியம் என்று கூசிக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்காருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாக்கிய வரிசையிலும் ஜெர்மன் நமக்குப் பாதி சொந்தம். 'வைல் இஷ் மோர்கன் கைனெ ட்ஸைட் ஹாபெ' என்றால் 'நாளைக்கு எனக்கு நேரம் இல்லாததால்'. வினை கடைசியில் போய் நிற்கிறது, நம்மைப் போலவே. 'இன்றைக்குப் பாளையங்கோட்டைக்குப் போக வேண்டும்' என்பதை ஜெர்மனில் சொன்னால் 'இஷ் முஸ் ஹொய்டெ நாக் பாளையங்கோட்டை ஃபாரன்' என்று வரும். இன்றைக்கு, பாளையங்கோட்டைக்கு, போக என்ற வரிசை மாறவே இல்லை. 'வேண்டும்' மட்டும் முன்னால் ஓடிவிட்டது. 'மியர் இஸ்ட் கால்ட்' என்றால் 'எனக்குக் குளிருது', அங்கேயும் நான்காம் வேற்றுமைதான். வினை கடைசிவரை வராதா என்று ஆங்கிலேயர் பொறுமையிழக்கும் வாக்கியங்களில் தமிழ்க் காது நிதானமாகக் காத்திருக்கும். உச்சரிப்பில்தான் ஜெர்மன் நம்மைப் படுத்தும். உதட்டைக் குவித்து இ சொல்லும் ஒலி, குவித்து எ சொல்லும் ஒலி இரண்டும் நம்மிடம் இல்லை.

ஆக, ஒலியில் ஸ்பானிஷ் பக்கம், கட்டுமானத்தில் ஜெர்மனும் அவ்வளவு தூரமில்லை. தமிழரைப் பொறுத்தவரை இரண்டுக்கும் இடையிலான கஷ்ட வித்தியாசம் அமெரிக்கப் பட்டியல் காட்டுவதைவிடக் குறைவு என்பது என் கணிப்பு. கஷ்டத்தை வைத்துத் தேர்ந்தெடுப்பதில் அர்த்தம் இல்லை.

இந்த இரண்டு மொழிக்காரர்களும் நம் சீமைக்குப் புதியவர்களும் இல்லை. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இன்றைய ஸ்பெயினில் இருக்கும் நவார் நாட்டுக்காரர். மொழிபெயர்ப்பாளர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி, அதை மனப்பாடம் செய்து, கையில் மணியை ஆட்டிக்கொண்டு கடற்கரை ஊர்களில் சொல்லிக்கொடுத்தார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் பிரஷ்ய நாட்டு ஜெர்மானியர். அவர் தமிழை அடியிலிருந்து படித்தார். 1832இல் பூமி சாஸ்திரம் என்று தமிழில் ஒரு புவியியல் நூல் எழுதினார், தமிழ் இலக்கணமே எழுதினார், 1838இல் பாளையங்கோட்டையிலேயே மறைந்தார். வேண்டிய நாலு வாக்கியத்தை நெட்டுருப் போடுவதும், மொழிக்குள்ளேயே குடியேறிவிடுவதும் அன்றைக்கே இரண்டு வழிகளாக இருந்திருக்கின்றன. சவேரியார் வழி அவருக்கு வேலை செய்தது. ஜெர்மன் விசாவுக்கு அது வேலை செய்யாது.

ஏனென்றால் ஜெர்மனி மொழியைப் படி படியாக அளந்து கதவைத் திறக்கிற நாடு. அங்கே வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், உழைக்கும் வயதுள்ளவர்கள் போதவில்லை. 2024 அக்டோபரில் இந்தியத் திறன்பணியாளர்களுக்கான விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக அந்நாடு அறிவித்தது. நம் ஊர்த் துண்டுப் பிரசுரங்களில் பெரிதாக இருப்பது இந்த எண்தான். அதற்குக் கீழே சின்னதாகக்கூட எழுதாத விஷயம் ஒன்று உண்டு. செவிலியராகப் பதிவுபெற்று முழுச் சம்பளத்தில் வேலை பார்க்கப் பொதுவாகப் பி2 நிலை வேண்டும். மருத்துவருக்கு அதற்கும் மேலே, மருத்துவ ஜெர்மனில் தனித் தேர்வு. பிளஸ் டூ முடித்துச் சம்பளத்தோடு தொழிற்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கும் பி1-ஆவது கேட்பார்கள்.

பி2 என்றால் எவ்வளவு? ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்துகிற கோத்தே நிறுவனம் தருகிற உத்தேசக் கணக்குப்படி, ஒன்றுமே தெரியாதவர் பி2 முடிக்க 45 நிமிட வகுப்புகள் 600 முதல் 800 வரை ஆகும். தினம் மூன்று மணி நேரம், வாரம் ஐந்து நாள் உட்கார்ந்தால் 30 முதல் 40 வாரம். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியிலோ தனியார் மருத்துவமனையிலோ ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தினம் ஒன்றரை மணி நேரம் படித்தால் இது இரட்டிப்பாகும். ஏறக்குறைய பதினாலு மாதத்திலிருந்து ஒன்றரை வருஷம். வீட்டுப்பாடம் தனி. 'ஆறே மாதத்தில் ஜெர்மனி' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள்.

2024 ஜூனில் வந்த வாய்ப்பு அட்டை இன்னொரு குழப்பத்தை உண்டாக்கியிருக்கிறது. புள்ளிகளின் அடிப்படையில், அங்கே போய் ஒரு வருஷம் வரை வேலை தேட அனுமதிக்கும் திட்டம் அது. ஏ1 ஜெர்மன் அல்லது பி2 ஆங்கிலம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஏ1 போதும் என்பது உண்மைதான், நாட்டுக்குள் நுழைய. வேலை கொடுக்கிற முதலாளி ஏ1-ஐ வைத்துக்கொண்டு என்ன செய்வார்? கையிருப்பைக் கரைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து பி1 படிப்பதைவிட, பெருமாள்புரத்தில் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு படித்து முடிப்பது எவ்வளவோ மலிவு. ஜெர்மனை ஏ2-வில் நிறுத்துவது, சென்னைக்குப் போக நினைத்து நெல்லை எக்ஸ்பிரஸில் மதுரை வரைக்கும் டிக்கெட் எடுப்பது போலத்தான்.

விதிவிலக்குகள் உண்டு. மென்பொருள்காரர்களுக்கு நீல அட்டை என்ற வழியில் ஜெர்மன் கட்டாயமில்லை. ஜெர்மனியில் இருக்கும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு போகிற பெண்ணுக்கு ஏ1 சான்றிதழ் பொதுவாகக் கேட்பார்கள், மாப்பிள்ளை நீல அட்டைக்காரர் என்றால் அதுவும் வேண்டாம். பொறியியல் முடித்து ஆங்கில வழியில் மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு மொழி விசாவுக்குத் தடை இல்லை. பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்கவிடும் முடக்கக் கணக்கில் ஒரு வருஷச் செலவுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும், 2022 நவம்பரிலிருந்து, நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். படிப்பு முடிந்து வேலை தேடும்போது 'ஜெர்மன் தெரியுமா' என்ற கேள்வி எப்படியும் வந்து நிற்கும்.

ஸ்பானிஷுக்கு வருவோம். 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு மொழிகளில் ஒன்று, தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய 50 கோடி. எண்ணிக்கையில் ஜெர்மனைப் போல ஐந்து மடங்கு. அந்தப் பிரம்மாண்டத்தை வைத்து நெல்லையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. செவிலியரைக் கூப்பிட்டு ஸ்பானிஷ் கற்றுக்கொடுத்து விமானம் ஏற்றுகிற ஏற்பாடு எதுவும் நம் பக்கம் இல்லை. ஸ்பானிஷால் கிடைக்கிற வேலைகள் பெரும்பாலும் இந்தியாவுக்குள்ளேயே இருக்கின்றன: பெங்களூர், சென்னை, ஹைதராபாத் அலுவலகங்களில் லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்கு, கொள்முதல், சம்பளப் பட்டியல் பார்க்கும் பணிகள். பஜாஜ், டிவிஎஸ் இருசக்கர வண்டிகள் கொலம்பியா, மெக்சிகோ பக்கம் போகின்றன. நம் மருந்துகளும் போகின்றன. டிசிஎஸ் 2002லேயே உருகுவேயில் மையம் திறந்தது. இந்த இடங்களில் ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவருக்குப் பெரிய மதிப்பில்லை, பி.காம் படித்துக் கணக்கும் தெரிந்து ஸ்பானிஷும் பி2 அளவுக்கு வந்தவருக்கு மதிப்பு உண்டு. அப்படிப்பட்டவர்கள் தென் தமிழகத்தில் அபூர்வம். ஜெர்மன் படித்தவர்களின் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஸ்பானிஷ்காரருக்குப் போட்டி குறைவு. இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை, ஏனென்றால் இதில் ஏஜெண்டுக்குக் கமிஷன் இல்லை.

உள்ளூர்த் தொழிலுக்கே இந்த மொழிகள் உதவாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. கேட்கத் தோன்றும். நம் நிலாவாரை இலையும் காயும் ஐரோப்பிய மருந்துநூலில் 'டின்னவேலி' என்ற ஊர்ப் பெயரோடு இடம்பிடித்தவை; ஜெர்மன் மருந்துக்கடைக்காரருக்குத் திருநெல்வேலியை அந்த வழியாகத் தெரியும். பணகுடி, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலைத் தொழிலில் எனர்கான் என்ற ஜெர்மன் பெயரும் கமேசா என்ற ஸ்பானியப் பெயரும் பழக்கமானவை. கமேசாவே 2017இல் ஸீமென்ஸின் காற்றாலைப் பிரிவோடு இணைந்துவிட்டது. ஆனால் தூத்துக்குடித் துறைமுகத்துச் சரக்குக் காகிதமும் கோபுரத்தின் மேலே ஏறுகிற டெக்னீஷியனின் பேச்சும் ஆங்கிலத்திலும் தமிழிலும்தான் நடக்கின்றன. உள்ளூர் வேலைக்காக இந்த மொழிகளைப் படிக்கச் சொன்னால் அது ஏமாற்று.

"எதைப் படிச்சா சீக்கிரம் போவலாம்னு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி" என்று கேட்கிற தகப்பனாருக்கு என் பதில் இதுதான். பிள்ளை நர்சிங், மருத்துவம், தொழிற்பயிற்சி என்று ஜெர்மனியைக் குறிவைத்திருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஜெர்மன். பி2 வரை போகப் பணமும் ஒன்றரை வருஷமும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். போவதா வேண்டாமா என்பதே தெளிவில்லை என்றால் ஜெர்மனில் பணத்தைப் போடாதீர்கள். அரைகுறை ஜெர்மனுக்கு இங்கே பயன் இல்லை. அரைகுறை ஸ்பானிஷிலாவது ஒரு கால்பந்து வர்ணனையையும் பாட்டையும் ரசிக்கலாம். வணிகவியல் படித்து, வெளிநாடு போகாமல் பெரிய ஊரில் நல்ல வேலை தேடுகிற பிள்ளைக்கு நான் துணிந்து ஸ்பானிஷைச் சொல்வேன். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்குகிறேன் என்கிறவர்களுக்கு: வேண்டாம்.

ஏஜெண்டுகள் விஷயத்தில் ஒரு வார்த்தை. கேரள அரசின் வெளிநாடுவாழ் மலையாளிகளுக்கான அமைப்பான நோர்க்கா மூலம், செவிலியரை ஜெர்மனிக்கு அனுப்பும் டிரிபிள் வின் திட்டம் போன்றவற்றில் மொழிப் பயிற்சிச் செலவை வேலை கொடுக்கிறவர் ஏற்கிறார். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் ஜெர்மனிக்குச் செவிலியர்களை எடுக்கும் அறிவிப்புகளை வெளியிடுவது உண்டு. இவற்றைப் பார்க்காமல், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு நடுவில் விலகினால் லட்சக்கணக்கில் அபராதம் என்று கையெழுத்துக் கேட்கிற இடத்தில் போய் விழ வேண்டாம்.

தேர்வு எழுத எங்கே போவது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனுக்குச் சென்னையில் கோத்தே நிறுவனத்தின் மாக்ஸ் முல்லர் பவன் இருக்கிறது, கோவையிலும் திருவனந்தபுரத்திலும் கோத்தே மையங்கள் இருக்கின்றன. நமக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம். நாகர்கோவில் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர், சென்னை 600க்கும் மேலே. இடங்கள் திறந்த வேகத்தில் நிரம்பிவிடும் என்பதால் படிப்பு முடிந்த பிறகு பதிவு செய்யலாம் என்று இருந்துவிடக் கூடாது. ஸ்பானிஷுக்கு டெல்லியில் செர்வாந்தெஸ் நிறுவனம் இருக்கிறது. ஸ்பானிஷ் தேர்ச்சிக்கான டெலே சான்றிதழுக்குக் காலாவதி இல்லை, கணினியில் எழுதும் இன்னொரு தேர்வான சியேலே ஐந்து வருஷம் செல்லும்.

ஜெர்மன் பி1 தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும், ஒன்றில் போனால் அதை மட்டும் திரும்ப எழுதலாம். பேச்சுத் தேர்வில் இன்னொரு தேர்வாளரோடு உட்கார்ந்து, ஏதாவது ஒரு நிகழ்ச்சிக்கு இருவரும் சேர்ந்து திட்டம் போட வேண்டும். எத்தனை மணிக்கு, யார் என்ன வாங்குவது, அது சரிப்படாது வேறு யோசனை சொல்லு என்று. நம் பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் நன்றாக வாங்கிவிட்டுக் கேட்டலிலும் பேச்சிலும் கோட்டை விடுவதற்குக் காரணம், பல வகுப்புகளில் ஆசிரியர் பலகையில் எழுதுவதும் பிள்ளைகள் நோட்டில் எழுதுவதுமாகவே நேரம் போய்விடுவது. எனவே பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பின்வரிசையில் உட்காரக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் வாயைத் திறந்து ஜெர்மன் பேசியது பத்து நிமிஷம்கூடத் தேறவில்லை என்றால் வேறு வகுப்பைப் பாருங்கள்.